இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கால்

ராசிங்காபுரம்
6.11.2023

தம்பி பொன்னுமணிக்கு,

அக்கா சுப்புத்தாய் எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. போன் போட்டேன், ஒரே ஒரு தடவை எடுத்தாய். நான் அழுதேன். "அழுறதுக்குன்னா போன் போடாத" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் மருமகன் பிரபு சொன்னான். காகிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காதில்லையா, அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்றைக்கு, அத்தனை சனத்துக்கு மத்தியில் உன் பெண்டாட்டி தமிழ்செல்வி என்னைப் பார்த்து, "மதினி, நீங்க காலை வச்சதுலதான் இவரு காலு போச்சு. இனிமே எங்க வாசல்ல வந்து நிக்காதீக" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஏண்டா, நான் வேண்டுமென்றா செய்தேன்? நீதானே வந்தாய். மேலே ஏலத்தோட்டத்தில் மருந்து டிரம்மைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று, ஜீப்பில் போடிக்கு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறி, சுவரைப் பிடித்துப் பிடித்து என் வீட்டுக்கு வந்தாய். "ஊருக்கெல்லாம் மிதிக்கிறியேக்கா, எனக்கும் ஒரு மிதி மிதிச்சு விடு. நாளைக்குக் காய் எடுக்க ஆளு வருது, வெரசா மேல போகணும்" என்றாய். வெறும் வயிற்றோடு குப்புறப் படுக்கச் சொன்னேன். உலக்கையை ஊன்றிக்கொண்டு இடது காலால் மூன்று மிதி. எல்லோருக்கும் மிதிக்கிற மாதிரிதான் மிதித்தேன், ஒரு இம்மி கூடவும் இல்லை குறையவும் இல்லை. மூன்றாவது மிதியில் நீ கத்தின கத்து இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பிரபுவையும் பிரதீப்பையும் ஒன்றாகப் பெற்ற நாளிலிருந்து என் வாசலில் ஆள் வருகிறது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நானா சொன்னேன்? ஊர்தான் சொன்னது, ஊர்தான் வந்து படுத்தது. வெற்றிலை பாக்குக்கு மேல் ஒருத்தர் கையிலும் நான் வாங்கியதில்லை. எத்தனை பேர் எழுந்து நடந்து போயிருக்கிறார்கள், உனக்கே தெரியும். உன்னைக் கெடுத்தது அந்த ஜீப்பு ரோடு. எலும்பை எண்ணி எண்ணிப் பார்க்கிற ரோடு அது. அதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். தமிழ் இல்லாத நேரமாகச் சொல், வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

அக்கா
சுப்புத்தாய்


போடி
14.11.2023

சுப்புத்தாய் அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும். மல்லாந்து படுத்தால் பேனாவில் மை இறங்காது. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்புப் பட்டை விலாவில் குத்தும். நாலு வரிக்கு ஒருதரம் நிறுத்துகிறேன்.

எப்படி இருக்கிறேன் என்று கேட்க வாய் இல்லை என்றாய். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இடது பாதம் மேலே வரவில்லை. தொங்குகிறது. செருப்பு போட்டால் வழியில் கழன்று விழுகிறது, விழுந்தது எனக்குத் தெரிவதில்லை. மூத்திரக் குழாயைப் போன வாரம்தான் எடுத்தார்கள். அது இப்போது வருவதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. தீபாவளிக்குத் தமிழ் புது வேட்டி வாங்கி வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று நீயே யோசித்துக்கொள்.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு, அடியில் இரண்டு இடத்தில் ஏற்கெனவே நைந்து போயிருந்ததாம். வருடக்கணக்காகக் குத்தவைத்துக் காய் எடுத்தது, மூட்டை தூக்கினது, ஜீப்பில் குலுங்கினது எல்லாம் சேர்ந்து. நைந்த சாக்கு மாதிரி இருந்திருக்கிறது. நீ மிதித்ததில் வாய் கிழிந்து உள்ளே இருந்தது நரம்பு மேல் கொட்டிவிட்டது. நான் உன்னிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒரு மாதம் படுத்து எழுந்திருப்பேனாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

நீ வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை. வந்து படுத்தவன் நான்தான், அதுவும் தெரியும். ஆனால் எனக்கு இப்படி ஆன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உன் வாசலில் நாலு பேர் படுத்து எழுந்து போனார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் மதுரையில் குழாயோடு கிடக்கிறேன், நீ ராசிங்காபுரத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறாய்.

ஒன்றுதான் கேட்கிறேன். இனி யார் முதுகிலும் காலை வைக்க மாட்டேன் என்று எனக்கு எழுது. அப்படி எழுதிவிட்டு வா. அதுவரைக்கும் என் மூஞ்சியில் முழிக்காதே. இது தமிழ் சொல்வதில்லை, நான் சொல்வது.

பொன்னுமணி


ராசிங்காபுரம்
27.11.2023

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் மச்சான் ராக்கையாதான் முதலில் படித்தார். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார்.

நிறுத்து என்கிறாய். சொல்லிவிட்டாய், லேசாக. தேவாரத்திலிருந்து மொக்கச்சாமியை ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்களே, அவர் மூன்றாம் நாள் வரப்பு வெட்டினாரே, அது பொய்யா? பெரியம்மாளுக்கு இடுப்பு நிமிர்ந்ததே, அது பொய்யா? டாக்டர் படம் பார்த்துச் சொன்னது மட்டும் மெய், என் கண்ணால் நான் பார்த்தது பொய்யா?

போகட்டும், அதை விடு. உள்ளதைச் சொல்கிறேன். இன்றைக்கு நான் நிறுத்திவிட்டால் ஊர் என்ன சொல்லும்? "தம்பி காலை முடக்கிப்புட்டா, அதான் நிப்பாட்டிட்டா" என்று சொல்லும். நானே என் வாயால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? இப்போது குசுகுசுவென்று பேசுகிறவர்கள் நாளைக்கு என் காதுபடப் பேசுவார்கள். மிதித்துக்கொண்டே இருந்தால்தான் அது என் காலால் வந்தது இல்லை என்று ஆகும். நீ படித்தவன், பாலிடெக்னிக் போனவன், உனக்கு இது புரியாது. இல்லை, புரிந்துகொண்டே கேட்கிறாயோ என்னவோ.

வருகிறவர்களிடம் எப்படி இல்லை என்பேன்? "ஆத்தா, நாளைக்கு சோலிக்குப் போகலைன்னா வேற ஆளைப் போட்டுருவாக" என்று வந்து படுக்கிறார்கள். உன்னை மாதிரித்தான்.

கறுப்பு உளுந்து மாவு பிரபுவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் களி கிண்டித் தரச் சொல், இடுப்பெலும்புக்கு அதை விட்டால் வேறு கிடையாது. பிரபு இனி அங்கேயே இருக்கட்டும். மில்லு வேலையை விட்டுவிட்டான். தமிழ் ஒற்றைப் பொம்பளையாகத் தோட்டத்துக்கு ஏறிப் போவது சரியில்லை. மருந்தடிக்க, மூட்டை இறக்க அவன் போகட்டும். அவனைத் துரத்திவிடாதே. நான் வரக்கூடாது என்றால் என் பிள்ளையாவது உனக்கு ஆகட்டும்.

அக்கா


போடி
10.1.2024

அக்காவுக்கு,

களி சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. பாதம் தூக்கவில்லை.

பிரபு வந்தது நல்லதாகிவிட்டது. தமிழும் அவனும் இருட்டோடு ஜீப்பில் போகிறார்கள், இருட்டின பிறகு வருகிறார்கள். தமிழ் என் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுகிறாள். ஜீப்பில் என் இடத்தில் அவள் உட்கார்ந்து போவதைச் சன்னல் வழியாகப் பார்ப்பேன். மாப்பிள்ளை ஓட்டமாக ஓடி வேலை செய்கிறானாம். அவள் அவனைப் புகழ்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. உன் பிள்ளை என்பதை மறந்துவிட்டாள் போல.

எனக்குப் பயிற்சி கொடுக்க கார்த்திகா என்று ஒரு பெண் வருகிறது. வயது சின்னது, வாய் பெரிது. "அண்ணே, கட்டில்ல இருந்து எந்திரிக்கும்போது அப்படியே எந்திரிக்காதீக. கட்டை உருள்ற மாதிரி உருண்டு, கையை ஊனி எந்திரிங்க" என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்லும். கட்டை மாதிரி உருளுவது இப்போது வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் நடக்கிறேன். பாதம் தரையில் இழுபடாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி போட்டிருக்கிறார்கள். அதோடு நடந்தால் தெருநாய் குரைக்கிறது. முன்னெல்லாம் என் பின்னால் வாலாட்டி வந்த நாய்தான்.

குனியக்கூடாது, குத்தவைக்கக்கூடாது, சுமக்கக்கூடாது. ஜீப்பில் மட்டும் ஆயுசுக்கும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மலைக்கு வேறு எதில் போவேன்? தோட்டத்தை இனி நான் பார்க்க மாட்டேன் அக்கா. மூலையில் இருக்கிற ஓடைப் பக்கத்து ஏலச்செடித் தட்டைகளை நானே நட்டேன். அதில் காய் பிடித்திருக்கிறது என்று பிரபு போனில் படம் எடுத்து வந்து காட்டுகிறான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் பஸ்ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று போனேன். டீக்கடையில் நிற்கும்போது வேட்டி நனைந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, கடைக்காரர் பார்த்துச் சொன்னார். "பரவாயில்லப்பா, தண்ணி கொட்டிருச்சு போல" என்று என் மானத்தைக் காப்பாற்றினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. வலியைக்கூடத் தாங்கிவிடுகிறேன், இந்த வெட்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மொக்கச்சாமி பொய்யா என்று கேட்டிருந்தாய். டாக்டரிடமே கேட்டேன். சதைப் பிடிப்பு வந்தவன் நீ மிதித்தாலும் எழுவான், மிதிக்காமல் இரண்டு நாள் படுத்திருந்தாலும் எழுவானாம். ஜவ்வு போனவன் மேல் கால் பட்டால் என் கதிதான். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருமினால் காலுக்கு இழுக்கிறதா, பாதம் மரத்துப்போகிறதா, மூத்திரம் அடைக்கிறதா என்று கேட்டுப் பார், ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று எழுதலாம் என்று நினைத்தேன். அப்படி எழுதினால் மற்றவர்களை மிதி என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் மறுபடியும் கேட்கிறேன். யாரையும் மிதிக்காதே. எனக்கு எழுது.

பொன்னுமணி


ராசிங்காபுரம்
20.2.2024

பொன்னுமணிக்கு,

பிரபு ஊருக்கு வந்தவன் ஏன் திரும்பவில்லை என்று தமிழ் போன் போட்டாளாம். காய்ச்சல் என்று உன் மச்சான் சொல்லிவிட்டார். காய்ச்சல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி மொக்கச்சாமியின் சம்சாரம் மருதாயி. பிரபு உள்ளே இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். நீ அன்றைக்கு வந்தாயே, அதே மாதிரி. மலையில் மூட்டை இறக்கும்போது பிடித்துக்கொண்டதாம். ஒரு வாரமாக உங்களிடம் சொல்லாமல் சமாளித்திருக்கிறான். "ஆத்தா, அவுகளுக்கு முன்னாடி எனக்கு மிதிச்சு விடு. நாளைக்கு மாமா தோட்டத்துக்குப் போகணும்" என்று பாயில் குப்புறப் படுத்துவிட்டான்.

"இருமுப்பா" என்றேன். இருமினான். "காலுக்கு இழுக்குதா?" என்றேன். "ஆமா, பெருவிரல் வரைக்கும் இழுக்குது. நீ மிதி" என்றான். உலக்கையை ஊன்றினேன். கால் வரவில்லை தம்பி. தரையிலேயே நின்றுவிட்டது. எடுத்து வைக்கலாம் என்று பார்க்கிறேன், தொடை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. உன் மச்சான், "ஏண்டி, ஊருக்கெல்லாம் மிதிப்ப, பெத்த பிள்ளைக்கு மிதிக்க மாட்டியா?" என்று சத்தம் போட்டார். உலக்கையைக் கீழே போட்டுவிட்டு, "ஆட்டோவைக் கூப்பிடுங்க, தேனிக்குப் போகணும்" என்றேன்.

மருதாயி எழுந்தாள். "நல்லா இருக்கு ஆத்தா உன் ஞாயம்! எம் புருசன் முதுகுன்னா ஏறி மிதிப்ப, உம் பிள்ளை முதுகுன்னா ஆசுபத்திரியா?" என்று தெருவில் இறங்கி நின்று கத்தினாள். நான் பிரபுவைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

தேனியில் படம் எடுத்தார்கள். ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறதாம், கிழியவில்லையாம். ஆபரேஷன் வேண்டாம், படுக்கையில் இருக்கட்டும், பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். யாராவது மிதித்தார்களா, நீவினார்களா என்று அந்த டாக்டரம்மா கேட்டது. இல்லை என்றேன். "ரொம்ப நல்லதும்மா" என்றது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

இனி மிதிக்க மாட்டேன் என்று எழுதச் சொல்கிறாய். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. அன்றைக்கு ஒருத்தரையும் மிதிக்கவில்லை. அது மட்டும்தான் இப்போதைக்கு என்னால் எழுத முடியும்.

சுப்புத்தாய்


போடி
1.3.2024

அக்காவுக்கு,

முதலில் பிரபு விஷயம். அவனைத் தரையில் படுக்க வைக்காதே, எழுந்திருக்கச் சிரமம். முழங்காலுக்கு அடியில் தலையணை வை. உருண்டு எழச் சொல். படுத்துப் படுத்து அலுத்துவிட்டது, வலி போய்விட்டது என்று எதைச் சொன்னாலும் மலைக்கு அனுப்பாதே. என் மூட்டையைத் தூக்கித்தான் அவனுக்கு இப்படி ஆனது. மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல். தமிழிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி என் விஷயம். நீ அவனை மிதிக்கவில்லை என்று படித்ததும் அப்பாடா என்று இருந்தது. உண்மையாகவே. அந்தச் சந்தோஷம் கடிதத்தை மடிக்கிற வரைக்கும்தான் இருந்தது. அப்புறம் வயிறு எரிய ஆரம்பித்தது.

அவன் மேல் வைக்க நடுங்கின கால் என் மேல் வைக்கும்போது ஏன் நடுங்கவில்லை? அன்றைக்கு எனக்கு என்ன என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. படு என்றாய், படுத்தேன். உன் பிள்ளைக்கு ஆட்டோ, எனக்கு உலக்கை. அன்றைக்கு உனக்கு எதுவும் தெரியாது, இப்போது தெரியும், அதுதான் வித்தியாசம் என்று என் புத்தி சொல்கிறது. அப்படித் தெரிந்துகொண்டதற்கு விலை என் கால்தானே என்று மனசு கேட்கிறது. என் காலைப் பார்த்துத்தான் உன் பிள்ளை கால் பிழைத்தது. அவன் பிழைக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். ஆனால் எனக்கு ஆறவில்லை. பெரிய மனுஷன் மாதிரி எழுத என்னால் முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வரி எழுத உனக்கு வரவில்லை. அன்றைக்கு மிதிக்கவில்லை என்கிறாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை? உன் பிள்ளை படுத்தால் வராத கால், அடுத்தவன் படுத்தால் வருமா? அதற்கு மட்டும் பதில் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

பொன்னுமணி


போடி
9.6.2024

அக்காவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எழுதாதே என்று நான்தான் எழுதினேன், நீ எழுதவில்லை. பிரபு எழுந்து நடமாடுகிறான் என்று பிரதீப் சொல்லித்தான் தெரியும். உன்னைப் பற்றிக் கேட்டால், "ஆத்தா யாரோடயும் பேசுறதில்ல மாமா" என்கிறான்.

தோட்டத்தை, எங்களுக்குக் குத்தகைக்கு விட்டவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். தமிழ் இப்போது வேறு தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். அந்த மூத்திரச் சனியன் ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது. பாதம் அப்படியேதான். வர வேண்டியது இவ்வளவு நாளில் வந்திருக்கும், இனி இதுதான், பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கார்த்திகா இப்போது வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் அவர்கள் இடத்துக்கு நடந்து போகிறேன். நேற்று அங்கே புதிதாக ஒருவன் வந்திருந்தான். சூர்யபிரகாஷ் என்று பெயர், பூப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனுக்கும் அதே இடம், அதே ஜவ்வு, அதே ஆபரேஷன். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கதை சொன்னான்.

"இடுப்பு புடிச்சதும் முதல்ல ராசிங்காபுரத்துக்குத்தாண்ணே போனேன். அங்க ரெட்டைப் பிள்ளை பெத்த அம்மா ஒண்ணு மிதிக்கும்னாக. வாசல்லயே மறிச்சு நின்னுக்கிச்சு. மிதிங்கன்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன். 'நான் கூடப் பிறந்த தம்பியவே மிதிச்சு முடமாக்கினவ. அவன் மூத்திரம் போறது தெரியாம கிடக்குறான். உனக்கும் அப்படி ஆகணுமா? போடா ஆசுபத்திரிக்கு'ன்னு தெருவே கேக்கக் கத்துச்சு. அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பாக்குது, அந்தம்மா நிறுத்தல. யார் வந்தாலும் இப்படித்தான் கத்தி விரட்டுமாம். கிறுக்குப் பொம்பளைன்னு திட்டிக்கிட்டே வந்தேன். வந்த ரெண்டாம் நாளு கால் மரத்து மூத்திரம் நின்னுபோச்சு. அது சொன்னது ஞாபகம் வந்து அன்னைக்கே ஓடிப்போய்ப் படுத்துட்டேன். நேரத்தோட வந்தேன்னு டாக்டர் சொன்னாரு."

கார்த்திகா அவனைப் பாதத்தைத் தூக்கச் சொன்னது. தூக்கினான். முழுசாகத் தூக்கினான் அக்கா. ஐந்து விரலும் கூரையைப் பார்த்தன. நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமா, துக்கமா, ஒன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டியது. "என்னண்ணே, வலிக்குதா?" என்று கேட்டான்.

"அது கிறுக்குப் பொம்பளை இல்லப்பா. எங்க அக்கா. அந்தத் தம்பி நான்தான்" என்றேன். அவன் எழுந்து உட்காரப் போனான், கார்த்திகா அதட்டிப் படுக்க வைத்தது.

எனக்கு ஒரு வரி எழுத உனக்கு வரவில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி தெருவில் நின்று சொல்ல உனக்கு வந்திருக்கிறது. எதைச் சொல்லக்கூடாது என்று அத்தனை பயந்தாயோ அதையே சொல்லியிருக்கிறாய். நான் கேட்டது இவ்வளவு இல்லை.

தமிழிடம் சொன்னேன். வரட்டும் என்று சொல்லவில்லை, வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. அரிசி களைந்தபடியே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. கால் இப்படியேதான் இருக்கும். நீ வந்தாலும் தூக்காது, நீ அழுதாலும் தூக்காது. அழாமல் பார்க்க முடிந்தால் வா. முடியாவிட்டாலும் வா.

தம்பி
பொன்னுமணி